ஜன்னலோரத்தில் போட்ட கோடுகள்

நண்பர்களுக்கு,

நேற்று முன்தினம் மாலை கடிதம் வந்துவிட்டது. நம்முடைய சைக்கிள் தடம் மாறவில்லை. ஆஸ்திரியாவின் எல்லையான மொராவா ஆற்றுக்கு அக்கரையில், ஸ்லோவாக்கியாவில், அந்த ஊர்ச்சாலை வழியாகவே போகப்போகிறது. நெரிசல் என்று சொல்லி அந்த ஆறு கிலோமீட்டரை வேறு வழிக்கு மாற்றப் பார்த்தார்கள். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், அதை மறுபடி எழுத மனமில்லை. மூன்று வாரமாகச் சரியான தூக்கம் இல்லாதவன் நேற்று ஒன்பது மணிவரை தூங்கினேன். எழுந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன். யாரிலிருந்து தொடங்குவது என்று யோசித்து யோசித்தே ஒரு நாள் போய்விட்டது.

சரி, அக்கரை அம்மாவின் அந்த நோட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

பள்ளிப் பிள்ளைகள் கணக்குப் போடும், கட்டம் போட்ட மெல்லிய நோட்டு அது. அட்டையில் ஒரு முயல் படம். முதல் ஏழு தாள்கள் மட்டும் எழுதப்பட்டிருக்கின்றன, நாளுக்கு ஒன்று. அளவுகோல் வைத்துப் பென்சிலால் பத்திகள் பிரித்திருக்கிறார்: கார், லாரி, டிராக்டர், பஸ், கடைசியில் சைக்கிள். இடது ஓரத்தில் காலை ஆறு முதல் இரவு எட்டு வரை மணிக்கணக்கு. உள்ளே எல்லாம் கோடுகள். நான்கு நிமிர்ந்த கோடு, குறுக்கே ஒரு கோடு, அப்புறம் அடுத்த ஐந்து.

இந்த நோட்டு வருவதற்கு முந்தைய கூட்டத்தில் எங்களை மடக்கிய கேள்வி ஒன்றுதான்: "அந்தச் சாலையில் ஒரு நாளைக்கு எத்தனை வண்டி போகிறது?" ஐரோப்பா முழுக்கப் போகும் நெடுந்தூரச் சைக்கிள் தடங்களுக்கு யூரோவெலோ என்று பெயர். அப்படி ஒரு தடத்தை மதிப்பிடும்போது பாதையின் பரப்பு, அகலம், ஏற்றம், பலகைகள், தங்குமிடம், ரயில் வசதி என்று எவ்வளவோ பார்ப்பார்கள். ஆனால் சைக்கிளும் காரும் ஒரே சாலையைப் பகிர வேண்டிய இடத்தில் வண்டி எண்ணிக்கைக்குத்தான் முதல் மரியாதை. ஆஸ்திரியப் பக்கத்துச் சாலைகளுக்கு எங்களிடம் எண் இருந்தது. ஸ்லோவாக்கியப் பக்கத்தில் அது சின்ன ஊர்ச்சாலை, யாரும் எண்ணியதில்லை. எண் இல்லாத இடத்தில் அனுமானம் வந்து உட்கார்ந்துகொண்டது. நெரிசல் அதிகம் என்று ஓர் அலுவலகம் எழுதிவைத்தது, அடுத்த அலுவலகம் அதையே எடுத்துப் போட்டது.

அதற்கு அடுத்த ஞாயிறு, வேறு எதுவும் தோன்றாமல், சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலம் தாண்டிப் போனேன். ஊர்க்கோடியில் ஒரு வீட்டு வேலியோரம் வயதான அம்மா ஒருவர் குனிந்து வால்நட் பொறுக்கிக்கொண்டிருந்தார். தண்ணீர் கேட்டேன். குப்பியை நிரப்பித் தந்தார். எனக்குத் தெரிந்த அரைகுறை ஸ்லோவாக் மொழியில் கேட்டேன், இங்கே நிறைய கார் போகுமா என்று. உடனே பதில் வரவில்லை. சாலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தெரியாது" என்றார். நன்றி சொல்லி, எதற்கும் இருக்கட்டும் என்று என் தொலைபேசி எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். எண்ணித் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றவுமில்லை.

ஒன்பதாம் நாள் தொலைபேசி வந்தது. பழைய காலத்து ஜெர்மனில் ஒரு குரல்: "உங்கள் கணக்கு தயார்." எனக்கு ஒன்றும் புரியவில்லை.

ஒரு வாரம், திங்கள் முதல் ஞாயிறு வரை, அடுக்களை ஜன்னலோரம் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார். அந்த ஏழு பக்கங்களையும் எத்தனை முறை புரட்டினேன் என்று எனக்கே தெரியாது. என்னை அசைத்தது கோடுகளைவிட, கோடுகள் இல்லாத கட்டங்கள். புதன்கிழமை 12.10 முதல் 12.35 வரை வெற்றிடம், பக்கத்தில் பொடி எழுத்தில் "சூப் அடுப்பில். பார்க்கவில்லை." வியாழன் பிற்பகல், "மருந்துக்கடை." ஞாயிறு காலை ஒன்றரை மணி நேரம், "தேவாலயம்." பார்க்காததைப் பார்த்ததாக ஒரு கோடு கூட இல்லை. அடுத்த கூட்டத்தில் அந்த நோட்டைக் கையில் வாங்கிய போக்குவரத்துப் பொறியாளர் சூப் கட்டத்தில் விரலை வைத்தபடி சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இதை நான் நம்புகிறேன்" என்றார். அடுத்த வாரமே சாலையின் குறுக்கே ரப்பர் குழாய் போட்டு முறைப்படி எண்ணினார்கள். அந்த எண்ணும் நோட்டின் எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன.

இன்னொன்றும் செய்திருந்தார். சைக்கிள் பத்தியை நடுவில் பிரித்து, ஒரு பக்கம் பெரிய கோடு, மறுபக்கம் சின்னக் கோடு. சின்னக் கோடு என்றால் குழந்தைகள். வார நாட்களில் காலை ஏழு மணிக் கட்டத்தில் சின்னக் கோடுகள் நெருக்கியடித்து நிற்கின்றன. நாங்கள் வரைபடத்தில் தேடியது பேரண்ட்ஸ் கடலிலிருந்து கருங்கடல் வரை போகும் பயணியை. அந்தச் சாலையில் ஏற்கெனவே சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தது பள்ளிக்குப் போகும் பிள்ளைகள். நெடுந்தூரத் தடம் என்று பெயர்தான், அதில் அன்றாடம் ஓடுவது பெரும்பாலும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் என்று எத்தனையோ கூட்டத்தில் பேசியிருக்கிறேன். அந்தச் சின்னக் கோடுகளைப் பார்த்தபோதுதான் அது எனக்கே உறைத்தது.

ஏன் இவ்வளவு சிரமப்பட்டீர்கள் என்று கேட்டேன். "நீங்கள் கேட்டீர்கள். எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் இந்த ஜன்னலில் உட்கார்ந்தும் தெரியவில்லையே என்று இருந்தது" என்றார். அப்புறம் ஆற்றின் பக்கம் கையைக் காட்டிச் சொன்னார், அவர் இளம்பெண்ணாக இருந்தபோது எல்லை வேலி வரைதான் சாலையாம். அதற்கு அப்பால் காவல் வண்டிகள் மட்டும். "அப்போது எண்ண என்ன இருந்தது?"

1989 வரை மொராவா ஆறு, கம்யூனிஸ்ட் கிழக்கையும் மேற்கு ஐரோப்பாவையும் பிரித்த இரும்புத்திரையாக இருந்தது. எல்லையைக் கடக்க முயன்று உயிர்விட்டவர்களின் நினைவுச்சின்னம் இன்றும் தேவின் கோட்டைக்குக் கீழே, ஆற்றோரம் நிற்கிறது. அதே ஆற்றின் மேல் 2012இல் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் மட்டுமாக ஒரு பாலம் கட்டினார்கள், அரை கிலோமீட்டர் நீளம், பெயர் விடுதலைப் பாலம். அன்று நான் தாண்டிப் போனது அதைத்தான். ஒவ்வொரு முறையும் நடுவில் ஒரு நிமிடம் இறங்கி நிற்பேன். பெர்லின் சுவர் போன வழியே சைக்கிள் ஓட்டிப் பார்த்து, ஐரோப்பா முழுக்க அந்தத் திரை இருந்த எல்லை நெடுகச் சைக்கிள் தடம் போடலாம் என்று ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் விடாமல் வாதாடிய மைக்கேல் கிராமரை அங்கே நினைத்துக்கொள்வேன். அதுதான் நம்முடைய தடம், யூரோவெலோ 13: இருபது நாடுகள், சுமார் 10,000 கி.மீ.

அவ்வளவு நீளத்தில் உங்கள் ஆறு கிலோமீட்டர் எம்மாத்திரம் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். கோபம் வந்தது, இப்போதும் வருகிறது. லாரிகள் உரசிப்போகும் ஆறு கிலோமீட்டர் நடுவில் இருந்தால், குழந்தையை அழைத்துக்கொண்டு வருகிற குடும்பம் முந்தைய ஊரிலேயே திரும்பிவிடும். மிச்சத் தடம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அவர்களுக்கு அது இல்லாததுதான். எல்லையோரத்தில் இது அடிக்கடி நடக்கிறது. இந்தப் பக்கத்துப் பலகை ஆற்றங்கரையில் முடியும், அந்தப் பக்கத்துப் பலகை மூன்று கிலோமீட்டர் தள்ளித் தொடங்கும். இங்கே பணம் ஒதுக்கும் வருஷம் அங்கே ஒதுக்கமாட்டார்கள். யாரையும் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவரவர் தங்கள் வரைபடத்தின் விளிம்புவரை ஒழுங்காக வேலை செய்கிறார்கள், விளிம்புக்குச் சொந்தக்காரர் இல்லை, அவ்வளவுதான். அந்த அம்மா இருப்பது சரியாக அந்த விளிம்பில்.

கூட இருந்தவர்களுக்கு நன்றி சொல்லப் போனால் முடியாது. இரண்டு நாட்டு ஜிபிஎஸ் தடங்களும் பொருந்தாமல் நின்றதை விடியவிடிய உட்கார்ந்து சேர்த்துவைத்த சூரிச் தம்பிக்கு. யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒவ்வொரு துண்டுக்கும் தார் எது, ஜல்லி எது என்று குறித்துவைத்த மூவருக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் இருந்த இரவிலும் ஸ்லோவாக் கடிதத்தை ஜெர்மனில் பெயர்த்துத் தந்த அக்காவுக்கு. எல்லை தாண்டும் இடத்தில் ஊர்ப்பெயரைவிட எண் நன்றாக வழி சொல்லும் என்று சாலைச் சந்திப்பு ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுக்கும் பெல்ஜியத்து லிம்பர்க்கின் முறையை எங்களுக்கு வரைந்து காட்டிய பெரியவருக்கு. மழையில் நின்று கையெழுத்து வாங்கியவர்களுக்கு. அந்த அலுவலகத்துக்குள்ளேயே இருந்துகொண்டு எந்தப் படிவம் எந்தத் தேதிக்குள் என்று சொன்னவருக்கு (பெயர் கேட்காதீர்கள்). உங்கள் எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன். உங்களில் ஒருவர் விலகியிருந்தாலும் அந்த நோட்டைக் கொண்டுபோய் வைக்க ஒரு மேசை கிடைத்திருக்காது.

எனக்கு நானே ஒன்று சொல்லிக்கொண்டேன், உங்கள் முன்னால் எழுதிவைக்கிறேன். இனி நான் நிரப்பும் எந்த ஆய்வுப் படிவத்திலும் பார்க்காததைப் பார்த்ததாக எழுதமாட்டேன். பத்து வருஷமாக எத்தனையோ கட்டங்களில் "சுமாராக" என்று போட்டு நிரப்பியிருக்கிறேன். இனி காலியாக விட்டு, காரணத்தைப் பக்கத்தில் எழுதுவேன். அடுத்த வசந்தத்தில் அந்தச் சாலையின் இரண்டு முனையிலும் நாமே ஒரு வாரம் எண்ணலாம் என்றிருக்கிறேன். வருகிறவர்கள் சொல்லுங்கள், வியன்னாவிலிருந்து சேர்ந்தே போகலாம். ஸ்லோவாக் வகுப்பிலும் சேர்ந்துவிட்டேன்.

நீலப் பலகைகள் வரும் மாதம் நடப்படும். மஞ்சள் நட்சத்திர வட்டத்துக்குள் 13. அந்த வீட்டு வேலி அருகே ஒன்று வருகிறது. ஜன்னலை மறைக்காமல் இரண்டு மீட்டர் தள்ளி நடும்படி கேட்டிருக்கிறேன், ஒப்புக்கொண்டார்கள்.

சனிக்கிழமை நோட்டைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன். நினைவாக நானே வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டுப் பார்த்தேன். பிரதி எடுத்துக்கொள்ளுங்கள், மீதிப் பக்கம் எனக்கு வேண்டும் என்றார். பனிக்காலத்தில் எத்தனை சைக்கிள் வருகிறது என்று பார்க்கவேண்டுமாம்.