சிறுவர்களின் படங்களை அழித்துவிடுங்கள்: காவல் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய காவல் துறை உயர் அதிகாரிகளுக்கும், சென்னையின் மறுகுடியமர்வுக் குடியிருப்புகளுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

போன வாரம் எங்கள் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில் 'இளைஞர்களிடையே வன்முறை: காரணமும் தீர்வும்' என்று பேனர் கட்டி ஒரு கூட்டம் நடத்தினீர்கள். எதற்காக நடத்தினீர்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். இறந்த பையனின் அம்மா இதைப் படிக்கக்கூடும் என்பதால் நான் அதை விவரிக்கப் போவதில்லை. மேடையில் ஏழெட்டுப் பேர் பேசினார்கள். சினிமா கெடுத்துவிட்டது என்றார் ஒருவர். செல்போன் என்றார் இன்னொருவர். கஞ்சா என்றார்கள், அது உண்மைதான். தாய்மார்கள் பிள்ளைகளைக் கண்டிப்பதில்லை என்று ஒருவர் சொன்னபோது கூடத்தில் உட்கார்ந்திருந்த தாய்மார்களும் கைதட்டினார்கள். மேடையில் இருப்பவர் நிறுத்தினால் தட்ட வேண்டும் என்பது எங்களுக்குப் பழகிப்போன விஷயம்.

பேச்சு முழுக்க யாரைப் பற்றியோ, அந்த வயதுப் பையன்களில் ஒருவனுக்கும் மைக் போகவில்லை. அவர்கள் வராமல் இல்லை. என்னிடம் மாலை வகுப்புக்கு வருகிற நான்கு பேர்தான் டெம்போவிலிருந்து நாற்காலிகளை இறக்கிப் போட்டார்கள், முடிந்ததும் அடுக்கி ஏற்றினார்கள். ஏற்றிவிட்டு வீட்டுக்குத் திரும்பும்போது இரவு எட்டரை இருக்கும். முனையில் ரவுண்ட்ஸ் வந்த காவலர்கள் நிறுத்தியிருக்கிறார்கள். "நேராப் பாரு. அந்தப் பக்கம் திரும்பு. இந்தப் பக்கம் திரும்பு." மூன்று படம். அப்பா பெயர், அம்மாவின் போன் நம்பர், ஆதார் எண். ஒருவன் கையில் பச்சை குத்தியிருந்தான், அதையும் தனியாக ஒரு படம். அவன் அம்மாவின் பெயர் அது.

"எதுக்கு சார்?" என்று கேட்டவனுக்குக் கிடைத்த பதில், "எதுவும் பண்ணலன்னா ஏண்டா பயப்படுற?"

நால்வரில் யாருக்கும் பதினெட்டு ஆகவில்லை. யார் மீதும் வழக்கு இல்லை. இந்த மடலில் நான் கேட்பது ஒன்றுதான்: பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளைத் தெருவில் நிறுத்திப் படம் எடுப்பதை நிறுத்துங்கள். இதுவரை எடுத்ததை அழித்துவிடுங்கள்.

வன்முறைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. எங்கள் பிளாக்கின் மாடிப்படியில் ராத்திரி குடித்துவிட்டுக் கத்தியோடு நின்றவனைப் பார்த்து, 100-க்குப் போன் போட்டவர்களில் நானும் ஒருத்தி. வந்த காவலர் நல்லபடியாகத்தான் நடந்துகொண்டார். பெண் பிள்ளைகளை இருட்டிய பிறகு கடைக்கு அனுப்ப யோசிக்கிற இடத்தில் இருந்துதான் எழுதுகிறேன். காவல் வேண்டாம் என்று இங்கே ஒருவரும் சொல்லவில்லை.

ஆனால் ஒரு படம் என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டும். இந்த நான்கு பேருக்கு முன்பே இப்படிப் படம் எடுக்கப்பட்ட ஒரு பையன் என் வகுப்பில் இருந்தான். பிளஸ் டூ, கம்ப்யூட்டர் சயன்ஸ். பிப்ரவரியில் அவனுக்குச் செய்முறைத் தேர்வு. அதற்கு முந்தைய இரவு வேறொரு பிளாக்கில் யாரோ யாரையோ வெட்டிவிட்டார்கள். விடிவதற்குள் அம்மாவின் போனுக்கு அழைப்பு: பையனை ஸ்டேஷனுக்கு அனுப்பி வை. அந்த அம்மா பழைய மகாபலிபுரம் சாலை (ஓ.எம்.ஆர்.) பக்கம் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறவர். ஐந்தரை மணி பஸ்ஸை விட்டுவிட்டு மகனோடு ஓடினார். சீருடை போட்டு, ரெக்கார்டு நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பரீட்சை இருக்கிறது என்று அம்மா சொல்லச் சொல்ல, "ஐயா வரட்டும்" என்றார்கள். ஐயா வந்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. போனில் இருந்த படத்தை வெட்டுப்பட்டவரின் தம்பியிடம் காட்டினார்கள். இவன் இல்லை என்று அவர் சொன்னார். கையெழுத்து, எழுத்து எதுவும் இல்லை. போகச் சொல்லிவிட்டார்கள்.

பள்ளியில் ஒரு நல்ல ஆசிரியை இருந்ததால் மறுநாள் வேறு பேட்ச்சில் அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். அதனால் இது பெரிய கதையாகவில்லை. ஆனால் முந்தின நாள் முழுக்க அவன் எங்கே இருந்தான் என்பது வகுப்பு முழுக்கப் பரவிவிட்டது. 'ஸ்டேஷன்' என்று அவனுக்குப் பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். அப்புறம் எங்கே, எது நடந்தாலும் அந்த வீட்டுக்குப் போன் வருகிறது. அம்மா இப்போது நம்பரை மாற்றிவிட்டார். நம்பரை மாற்றியதற்கே நாளை சந்தேகப்படுவார்களோ என்று என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

சட்டம் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தாலும், மேடையில் யாரும் சொல்லாததால் சொல்கிறேன். அடையாளப் பதிவுகளை எடுக்க உங்களுக்கு விரிவான அதிகாரம் தந்தது 2022-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம். கைரேகை, கருவிழிப் பதிவு, படம் எல்லாவற்றையும் எடுத்து 75 ஆண்டு வைத்திருக்கலாம் என்கிறது. அந்தச் சட்டம்கூட தண்டிக்கப்பட்டவர், கைதானவர், தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவர், பிணைப்பத்திரம் எழுதித்தர உத்தரவிடப்பட்டவர் என்றுதான் பேசுகிறது; வேறு யாரிடமும் எடுக்க வேண்டுமென்றால் நீதித்துறை நடுவரின் உத்தரவு வேண்டும். நாற்காலி ஏற்றிவிட்டு வீட்டுக்கு நடந்து போகிறவன் அதில் எந்த வகையில் வருகிறான்?

2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. உண்மையிலேயே குற்றம் செய்த சிறுவனின் பதிவைக்கூட, மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் அழித்துவிட வேண்டும் என்கிறது 24-ஆம் பிரிவு. பதினாறு வயதைத் தாண்டி மிகக் கொடிய குற்றம் செய்தவர்களுக்குத்தான் விதிவிலக்கு. வழக்கு முடிந்த பிறகு நன்னடத்தைச் சான்றுக்காகவோ வேறு எதற்காகவோ அந்தப் பதிவைக் காவல் துறை யாரிடமும் சொல்லக் கூடாது என்கிறது 74-ஆம் பிரிவு. ஆக, குற்றம் செய்த பையனின் பதிவுக்கு அழிவு உண்டு. எதுவும் செய்யாத பையனின் படம் ஒரு காவலரின் சொந்த செல்போனில், எந்த வாட்ஸப் குழுவில் என்று தெரியாமல், காலத்துக்கும் கிடக்கிறது. வழக்கு இருந்திருந்தாலாவது அழிக்கச் சொல்லி, சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்னால் நின்றிருக்கலாம். வழக்கே இல்லாதவன் எங்கே போய் நிற்பான்?

சரி, காரணத்துக்கு வருகிறேன். கூட்டம் அதற்காகத்தானே.

மறுகுடியமர்வுக் குடியிருப்பாக 2000-இல் கண்ணகி நகர் தொடங்கியது, சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, அதற்கப்புறம் பெரும்பாக்கம். கூவம் கரையிலும் அடையாற்றின் கரையிலும் ரயில் நிலையங்களுக்குப் பக்கத்திலும் பிழைத்தவர்களை நகரத்தின் தெற்கு ஓரத்தில் கொண்டுவந்து அடுக்கினீர்கள். சென்ட்ரல் பக்கத்துச் சத்தியவாணி முத்து நகர் வீடுகளை 2019 டிசம்பரில், பள்ளி ஆண்டின் நடுவில் இடித்தீர்கள். பாதியில் இடம் மாறிய பிள்ளைகளில் எத்தனை பேர் மறுபடி வகுப்பில் போய் உட்கார்ந்தார்கள் என்று யாராவது கணக்கு எடுத்தீர்களா? சண்டை வளர்வதற்கு எங்களுக்குத் தெரிந்த காரணம் மிகச் சாதாரணமானது. அம்மா விடிவதற்குள் போய் இருட்டியபின் வருகிறார். அப்பாவின் வேலை பழைய இடத்திலேயே இருக்கிறது, சில நாள் அங்கேயே படுத்துவிடுகிறார். ஒரே பிளாக்கில் நான்கு ஏரியா ஆட்கள், பழைய ஏரியாவின் பகையையும் சட்டி பானையோடு சேர்த்து மூட்டை கட்டி வந்தவர்கள். விலாசத்தைச் சொன்னால் வேலை தருவதில்லை என்று நண்பன் வீட்டு விலாசத்தை எழுதுகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

இந்த இடைவெளியில்தான் 'அண்ணன்' வருகிறார். வேறு எங்கிருந்தும் இல்லை, ஸ்டேஷன் வாசலிலிருந்தே வருகிறார். பெஞ்சில் உட்கார வைக்கப்பட்ட பையனுக்கு டீ வாங்கித் தருகிறார், வக்கீல் ஏற்பாடு செய்கிறார், வயது வந்தவனாக இருந்தால் ஜாமீனுக்கு ஆள் தருகிறார். முதல் கேஸில் வெளியே எடுத்தவர்தான் அடுத்த கேஸுக்கு முதலாளி. சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் உண்டு என்று அந்த அம்மாவுக்கு ஸ்டேஷனில் யாராவது சொல்லியிருந்தால் அந்த டீக்கு இவ்வளவு விலை இருந்திருக்காது. நீங்கள் எடுக்கிற படம் உங்களுக்கு ஒரு தகவல். அண்ணனுக்கு அது ஆள் சேர்ப்பதற்கான பட்டியல்.

வெளிநாட்டு உதாரணம் கூட்டத்தில் ஒருவர் சொன்னார், நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1990-களில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் இளைஞர் கொலைகள் பெருகியபோது காவல் துறையும் ஹார்வர்ட் ஆய்வாளர்களும் சேர்ந்து கொலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். கும்பல்களில் இருந்தவர்கள் நகரத்து இளைஞர்களில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. இளைஞர் கொலைகளில் குறைந்தது 60 சதவீதத்துக்குத் தொடர்பு அந்தச் சிலரோடு. 1996-இல் அவர்களையே நேரில் கூப்பிட்டுப் பேசினார்கள்: இனி ஒரு கொலை விழுந்தால் கும்பலில் ஒருவரையும் விடமாட்டோம், விலகினால் படிப்புக்கும் வேலைக்கும் வழி செய்கிறோம் என்று. கொலைகள் குறைந்தன. அதில் இந்தத் திட்டத்தின் பங்கு எவ்வளவு என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள், வாதாடட்டும். எனக்கு அதில் பிடித்தது, யார் என்று தெரிந்து பேசியதுதான். இங்கே யார் என்று உங்களுக்குத் தெரியாதா? ஏ, பி, சி என்று தரம் பிரித்து ரவுடிப் பட்டியல் வைத்திருக்கிறவர்கள் நீங்கள். அந்தப் பட்டியல் இருக்கும்போது பதினோராம் வகுப்புப் பையனின் படம் எதற்கு?

உங்கள் துறையில் நல்லது நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். சிறார் மன்றங்கள் இருக்கின்றன. முதல்முறை சிறைக்குப் போன 18 முதல் 24 வயது வரையானவர்களுக்காக 2021-இல் சென்னையில் 'பறவை' என்று திட்டமே தொடங்கினீர்கள். ஒரு கையால் பறக்கச் சொல்லி, இன்னொரு கையால் தெருமுனையில் பிடித்து வைப்பதுதான் புரியவில்லை.

தலைமுடியைப் பார்த்தால் 'புள்ளிங்கோ' என்று நிறுத்துகிறீர்கள். முடி வெட்டிக்கொண்டு வந்தால் "என்னடா திடீர்னு நல்லவனாயிட்ட?" என்கிறீர்கள். பிடிபட்டவர்கள் கழிவறையில் வழுக்கி விழுந்து மாவுக்கட்டோடு படத்துக்கு நிற்பது சென்னைக்குப் பழகிவிட்டது. கையோ காலோதான் எப்போதும் முறிகிறது என்பதும் பழகிவிட்டது. காவல் துறைக் கட்டடங்களுக்குச் சொரசொரப்பான டைல்ஸ் ஒதுக்க நிதித்துறையிடம் யாராவது கேட்டால் புண்ணியமாகப் போகும். 2022-இன் கடைசி நாளில், வழக்கில் சிக்கிய சிறுவர்களை வைக்கும் செங்கல்பட்டுக் கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுப் பையன் இறந்தான். திருட்டு வழக்கில் உள்ளே போனவன், அடித்ததாக அங்கே வேலை பார்த்தவர்களே கைதானார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவைக் கொண்டு அரசு ஒரு நபர் குழு போட்டது, அறிக்கையும் வந்தது. எங்கள் பிள்ளைகள் இதையெல்லாம் படிப்பதில்லை என்று நினைக்கிறீர்களா? மேடையில் "காவலர் உங்கள் நண்பன்" என்று சொல்லும்போது நாற்காலிகளுக்குப் பின்னால் நின்று சிரித்தவர்கள் திமிரில் சிரிக்கவில்லை.

எழுத வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன். மன்னிக்கவும்.

பணிவாகவே மறுபடி கேட்கிறேன். பதினெட்டு வயது நிரம்பாதவர்களைத் தெருவில் நிறுத்திப் படம் எடுக்கக் கூடாது என்று எழுத்தில் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். இதுவரை எடுத்த படங்களை, காவலர்களின் சொந்தப் போன்களில் இருப்பவை உட்பட, அழித்துவிட்டோம் என்று ஒரு பொறுப்பான அதிகாரி கையெழுத்துப் போட்டுச் சொல்லட்டும். பரீட்சைக் காலத்தில் ஒரு பையனை விசாரிக்கத்தான் வேண்டுமென்றால் ஹால் டிக்கெட்டைப் பார்த்து நேரம் சொல்லுங்கள், பெற்றோரோடு நாங்களே அழைத்து வருகிறோம். சட்டப்படி ஒவ்வொரு நிலையத்திலும் இருக்க வேண்டிய குழந்தை நல காவல் அலுவலர் எங்கள் பகுதிக்கு யார், அவர் நம்பர் என்ன என்று ரேஷன் கடைச் சுவரில் எழுதி வையுங்கள். இலவசச் சட்ட உதவிக்கான நம்பரும் அதன் கீழே இருக்கட்டும்.

இந்த மாதக் கடைசியில் செய்முறைத் தேர்வுகள் ஆரம்பிக்கின்றன. அதற்குள் பதில் வந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
மாலை வகுப்பு நடத்தும் ஒரு குடியிருப்புவாசி