சுங்கமில்லாத் துறைமுகத்துக்கு வரி கட்டியவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூர்த் துறைமுகத்தின் வளர்ச்சி பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1819 முதல் சுங்கம் வாங்காத துறைமுகம் என்று கட்டுரையாளர் பெருமையோடு எழுதியிருக்கிறார். உண்மைதான். ஆனால் சுங்கம் வாங்காத அரசு காவலருக்கும் எழுத்தருக்கும் எதிலிருந்து சம்பளம் கொடுத்தது? அதை எழுதாமல் விட்டது மனத்தை உறுத்துகிறது.

பெரும்பகுதி அபினிலிருந்து வந்தது. கள்ளுக்குத்தகை போலவே அபின் குத்தகை. குத்தகை எடுத்த சீன முதலாளிகள் அரசுக்கு மாதாமாதம் பணம் கட்டினார்கள். அபினைக் காய்ச்சி விற்கும் உரிமை அவர்களுக்கு. சரக்கின் பெரும்பங்கு பாட்னா, காஜிப்பூர்ப் பக்கம் விளைந்து, கல்கத்தாவில் ஏலம் போய்க் கப்பலேறியது. கசகசாப் பூவிதழ்களை அடுக்கடுக்காக ஒட்டிச் சுற்றிய உருண்டைகள், பெட்டிக்கு 40. ஏலத்தில் பிரிட்டிஷ் இந்திய அரசுக்கு லாபம், குத்தகையில் இங்கிருந்த அரசுக்கு லாபம். 19ஆம் நூற்றாண்டின் பல ஆண்டுகளில் சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் வருவாயில் ஏறத்தாழப் பாதி இதுதான்.

அந்தப் பாதியைக் கட்டியவர்கள் மிளகுத் தோட்டச் சீனக் கூலிகளும் ரிக்‌ஷா இழுத்தவர்களும். பகலெல்லாம் இழுத்த உடம்பு இரவில் வலி மறந்து தூங்க அபின் வேண்டியிருந்தது. நல்ல சரக்குக்குக் காசில்லாதவர்கள், ஒருவர் புகைத்த குழாயில் ஒட்டிய கசடைச் சுரண்டி மறுபடி புகைத்தார்கள். மலாயா ரப்பர்த் தோட்டங்களில் கள்ளுக்கடையில் கூலியைத் தொலைத்த நம்மவர் கதையை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

சிங்கப்பூர்ச் சீன மருத்துவரும் சீர்திருத்தவாதியுமான டாக்டர் லிம் பூன் கெங் போன்றவர்கள் அபினை எதிர்த்துப் போராடினார்கள். அரசோ 1910இல் குத்தகைதாரர்களை விலக்கிவிட்டுத் தானே விற்பனையில் இறங்கியது. நான் காலையில் நடக்கப் போகும் பாசிர் பாஞ்சாங் குன்றுக்குப் புக்கிட் சாண்டு (மலாயில் அபின் குன்று) என்று பெயர் வந்ததே, அடிவாரத்தில் இருந்த அரசு அபின் ஆலையால்தான். 1942இல் மலாய் வீரர்கள் ஜப்பானியரை எதிர்த்து உயிர் கொடுத்துப் போரிட்டதும் அதே குன்றில்தான்.

அபின் பணத்தை நம்பாமல் வருமான வரி போடலாம் என்ற பேச்சு எழுந்தபோதெல்லாம் வணிகர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். போருக்குப் பிறகு, 1946இல் அபினுக்குத் தடை வந்தது. வருமான வரிச் சட்டம் 1947இல் வந்தது. இரண்டும் அடுத்தடுத்து வந்ததைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கட்டுரை தொடரும் என்று போட்டிருக்கிறீர்கள். அடுத்த பகுதியில் அந்த ரிக்‌ஷாக்காரர்களுக்கும் இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
பாசிர் பாஞ்சாங் வாசகர்