டியூஷன் வகுப்பின் நெட்டை மீட்டுத் தந்தவர்களுக்கு

பட்டர்வொர்த்தில் நாங்கள் நடத்தும் டியூஷன் வகுப்பில் எட்டுக் கணினிகள், எல்லாமே பழசு, எல்லாவற்றிலும் லினக்ஸ் இயங்குதளம். போன மாதம் அதன் மையப் பகுதியான கெர்னலைப் புதுப்பித்த நாளிலிருந்து தொல்லை. பூட் ஆகும், நெட் வரும், கொஞ்ச நேரம் நன்றாக ஓடும், அப்புறம் கேபிள் நெட் செத்துவிடும். லாக்கில் ‘டிரான்ஸ்மிட் கியூ 0 டைம்ட் அவுட்’ என்று ஒரு வரி. கேபிள், சுவிட்ச் எல்லாம் மாற்றிப் பார்த்தேன். பழைய கெர்னலில் எந்தக் குறையும் இல்லை, ஆக நெட்வொர்க் சிப்பை இயக்கும் டிரைவரில்தான் ரிக்ரெஷன், அதாவது முன்பு ஓடியது புதுப்பித்ததும் கெட்டுவிட்டது.

பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸில் வேலை செய்யும் அண்ணன் அன்று இரவே பாலம் தாண்டி வந்தார். பிள்ளைகளுக்கு ஒரு யூஎஸ்பி நெட்வொர்க் அடாப்டரைக் கொடுத்துவிட்டு, எனக்குக் கிட் பைசெக்ட் சொல்லித் தந்தார்: நடுவிலிருக்கும் ஒரு மாற்றம் வரை கெர்னலைக் கட்டி ஓட்டிப் பார்த்து, நெட் நின்றால் ‘பேட்’, நிற்காவிட்டால் ‘குட்’ என்று குறித்து, கெடுத்த மாற்றத்தைத் தேடும் முறை. இரண்டு வெளியீடுகளுக்கு நடுவே சுமார் 14,000 மாற்றங்கள், ஒவ்வொரு தடவையும் பாதியைக் கழித்தால் 14 சுற்று. என் மெஷினில் ஒவ்வொரு சுற்றுக்கும் கெர்னல் கம்பைல் ஆக (மூல நிரலிலிருந்து கட்டி முடிய) மணிக்கணக்கில் ஆகும் என்று தெரிந்ததும் ஆயர் ஈத்தாம் அக்கா தன் கணினியையே தந்தார்.

முதல் முறை பைசெக்ட் முடிந்தபோது நெட்டுக்குச் சம்பந்தமே இல்லாத சவுண்ட் டிரைவர் மாற்றம் ஒன்றில் போய் நின்றது. நடுவில் எங்கோ பத்தே நிமிடம் பார்த்துவிட்டு ‘குட்’ போட்டிருக்கிறேன். அண்ணன் கோபப்படவே இல்லை. “வந்துச்சுன்னா உடனே பேட் போடு. வரலைன்னா ஒரு மணி நேரம் பாக்காம குட் போடாத தம்பி” என்றார். மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம், மூன்று இரவு போனது.

நான்காம் படிவ மாணவி ஒருத்தி சொன்னதை மறக்கவே முடியாது: “யூடியூப் ஓடுற கம்ப்யூட்டர்ல மட்டும் நெட் போகவே இல்ல சார்.” சரியான துப்பு அது! பைசெக்ட் கடைசியில் காட்டியதும் அந்த நெட்வொர்க் சிப்புக்குப் பிசிஐ எக்ஸ்பிரஸ் (சிப்பைக் கணினியோடு இணைக்கும் தடம்) மின்சேமிப்பை இயக்கிவிட்ட மாற்றத்தைத்தான். வேலை இல்லாதபோது தூங்கப் போகும் சிப், எங்கள் போர்டுகளில் எழுவதே இல்லை.

டிரைவரைப் பராமரிப்பவர் முகம் தெரியாதவர். பயனரிடம் ஓடிக்கொண்டிருந்ததைக் கெர்னல் உடைக்கக் கூடாது என்று லினக்ஸ் கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் சொல்லிக்கொண்டே இருப்பதை அவர் செய்து காட்டினார். பழைய சிப் என்று தள்ளாமல், இரண்டே நாளில் அந்த ரகத்துக்கு மட்டும் மின்சேமிப்பை அணைக்கும் பேட்ச் (நிரல் திருத்தம்) அனுப்பினார். எட்டு மெஷினிலும் விடிய விடிய ஓடவிட்டோம், ஒன்றில்கூட நெட் போகவில்லை.

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அண்ணே, உங்கள் அடாப்டர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, சனிக்கிழமை கொண்டுவந்து தருகிறேன்.