மூன்று முறை 'சரிசெய்யப்பட்ட' கோளாறு

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: அலுவலகக் கட்டடக் குளிரூட்டும் அமைப்பின் கட்டுப்பாட்டுக் கோளாறுகளைப் பராமரிப்பு ஒப்பந்தப்படி சரிசெய்து தரக் கோருதல்

ஐயா,

நான்காம் மாடியில் குளிர் தாங்கவில்லை, மின் கட்டணமும் ஏறிக்கொண்டே போகிறது என்று இரண்டு மாதங்களில் மூன்று முறை புகார் கொடுத்தேன். மூன்று முறையும் உங்கள் ஆட்கள் வந்தார்கள். ஃபில்டரைக் கழுவினார்கள், கணினித் திரையைப் பார்த்தார்கள், 'சரிசெய்யப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். ஊழியர்கள் இன்றும் ஸ்வெட்டரோடுதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சென்ற சனிக்கிழமை எங்கள் எலக்ட்ரீஷியனோடு நானே ஏ.எச்.யு. (காற்றைக் குளிர்வித்து மாடிக்கு அனுப்பும் இயந்திரம்) அறைக்குள் போனேன். திரும்பி வரும் காற்றின் வெப்பநிலை 24 டிகிரி என்கிறது திரை. சென்சாரின் பக்கத்திலேயே எங்கள் வெப்பமானியைப் பிடித்தால் 21. சென்சார் மூன்று டிகிரி கூட்டிச் சொல்ல, அதை நம்பிக் குளிர்நீர் வால்வு திறந்துகொண்டே இருக்கிறது.

வெளிக்காற்று டேம்பர் (உள்ளே வரும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் தகடுகள்) 20 சதவீதம் திறந்திருப்பதாகத் திரை சொல்கிறது. மோட்டார் திரும்புவதும் உண்மைதான். ஆனால் இணைப்புத் தண்டின் திருகு கழன்றுவிட்டதால் தகடுகள் அசையவே இல்லை. அகலத் திறந்தபடி வெளியே இருக்கும் வெக்கையையெல்லாம் உள்ளே விடுகின்றன. ஒரு ஸ்பேனர் போதும், நாங்களே முடுக்கியிருப்போம். வெளியாட்கள் கை வைக்கக் கூடாது என்பது உங்கள் ஒப்பந்த விதி.

மின்விசிறியின் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டிதான் எனக்குக் கோபத்தை வரவழைத்தது. சுவிட்ச் 'மேனுவல்' நிலையில் இருக்கிறது. மேலே உங்கள் ஆள் ஒட்டிய சீட்டு: 'டெஸ்டிங்'. முதல் புகாருக்கு வந்த நாளின் தேதி! அன்று முதல் விசிறி முழு வேகத்தில், நேர அட்டவணையை மதிக்காமல் இரவிலும் ஓடுகிறது. இரவெல்லாம் சத்தம் கேட்கிறது என்று காவலாளி சொன்னபோது நான் நம்பவில்லை. அது என் தவறு. விசிறியின் மின்தேவை வேகத்தின் முப்படியை (வேகம் × வேகம் × வேகம்) ஒட்டி மாறும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 80 சதவீத வேகத்தில் ஏறக்குறைய பாதி மின்சாரமே போதும்.

டேம்பர் போன்றவற்றுக்குத் திரை காட்டுவது கட்டளையை மட்டுமே. கட்டளை நிறைவேறியதா என்று உங்கள் ஆட்கள் ஒருவர்கூட நேரில் பார்க்கவில்லை.

ஒரு வாரத்துக்குள் இந்த மூன்றையும் சரிசெய்யுங்கள். மற்ற மாடிகளிலும் ஒவ்வொரு வால்வையும் டேம்பரையும் இயக்கி, திரையில் உள்ளதையும் நேரில் கண்டதையும் அருகருகே எழுதித் தாருங்கள். அடுத்த இரண்டு வாரங்களுக்கான மணிவாரிப் பதிவுகளும் வேண்டும். அவற்றைப் பார்க்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்திட மாட்டேன்.

அந்தச் சீட்டை நான் கிழிக்கவில்லை. ஒட்டியவரையே அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கட்டடப் பராமரிப்பு மேலாளர்