சாவியை நான் ஏன் கொடுக்கவில்லை

தேவிபட்டினம்

அன்புள்ள மகளுக்கு,

வெள்ளம் வடிந்துவிட்டது. வீட்டில் எல்லோரும் நலம். நேற்று போனில் நீ கோபமாகக் கேட்டதற்கு அரைகுறையாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. உன் அம்மா பக்கத்தில் நின்று போனுக்குக் கை நீட்டிக்கொண்டே இருந்தால் டிராக்டர் இஞ்சினைப் பற்றி நான் எப்படிப் பேசுவது? "தண்ணீர் இறங்கிவிட்டது, டிரைவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார், தவணை வருகிறது, ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டியதுதானே" என்றாய். டிரைவர் தம்பியும் அதைத்தான் சொன்னான். சாவியை வாங்கி என் இடுப்பில் செருகிக்கொண்டேன் என்று மஸ்கட்டில் இருக்கிற உன் வரைக்கும் புகார் சொன்னவனும் அவன்தான் என்று எனக்குத் தெரியும். அவனைத் திட்டாதே, சம்பளத்துக்காகத் தவிக்கிறான்.

மழை ஒன்றும் பிரமாதம் இல்லை. 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அதில் பாதிகூட இங்கே பெய்திருக்காது. ஆனால் மேற்கே கண்மாய்கள் நிரம்பி மறுகால் பாய்ந்தன. வாடைக்காற்றில் கடல் ஏறி நின்றதால் வந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் நம் ஷெட் பள்ளத்தில் தேங்கிவிட்டது. விடிந்து பார்த்தபோது பானட்டில் பாதி வரை தண்ணீர். இஞ்சின் மூச்சு இழுக்கிற ஏர் கிளீனர் அதற்குள் மூழ்கியிருந்தது. நல்லவேளையாக வண்டி ஓடிக்கொண்டிருக்கவில்லை, நின்றுகொண்டிருந்தது.

நீரில் மூழ்கிய ஆளுக்கு முதலில் மூச்சுக் கொடுக்க வேண்டும் என்று நீ சொல்லியிருக்கிறாய். இஞ்சினுக்கு நேர் எதிர். தண்ணீரை வெளியேற்றும்வரை அது ஒரு மூச்சுகூட இழுக்கக் கூடாது. நம் வண்டி மூன்று சிலிண்டர், 2,700 சிசி. ஒரு சிலிண்டருக்கு 900 சிசி ஆகிறது. டீசல் இஞ்சின் உள்ளே இழுத்த காற்றை ஏறக்குறைய 18-ல் ஒரு பங்காக அழுத்தும். அப்படியானால் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சுகிற இடம் ஐம்பது மில்லிக்குச் சற்று அதிகம், உங்கள் வார்டில் இருக்கிற பெரிய சிரிஞ்சு ஒன்று நிறைகிற அளவு. அதற்கு மேல் ஒரு சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனுக்குப் போக வழியில்லை. காற்று நசுங்கும், தண்ணீர் நசுங்காது. ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு இதெல்லாம் தெரியாது, அது சுற்றிவிடும். எது வளைந்துகொடுக்குமோ அது வளையும். அதுதான் பிஸ்டனையும் கிராங்க் என்ற சுழல் தண்டையும் இணைக்கிற கனெக்டிங் ராடு. கியரில் போட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்தாலும் இதே கதைதான்.

இதைவிட மோசமான விஷயம் ஒன்று உண்டு. கொஞ்சமாக வளைந்த ராடோடு வண்டி ஓடவும் செய்யும். நம் தெருவில் மினி லாரி வைத்திருப்பவர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தேங்கிய தண்ணீருக்குள் ஓட்டி, நின்றுபோனதை மறுபடி ஸ்டார்ட் செய்து ஓட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். "பார்த்தீரா, ஒன்றும் ஆகவில்லை" என்று என்னிடமே சொன்னார். சில வாரம் கழித்து லோடோடு போகும்போது ராடு முறிந்து இஞ்சின் பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது. பிளாக்கே போன பிறகு இஞ்சினில் என்ன மிச்சம்?

தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உன் அம்மா முகம் சுளித்தாள். உப்புக் கரித்தது. அங்கிருந்துதான் எனக்கு அவசரமே தொடங்கியது. மூழ்கிக் கிடக்கிறவரை இரும்பு அவ்வளவு வேகமாகத் துருப்பிடிக்காது. வெளியே எடுத்துக் காற்று பட்டால்தான் துரு ஓடத் தொடங்கும், உப்பு இருந்தால் இன்னும் வேகம். மண்டபம் ஊரில் வேலை பார்த்தபோது கடலில் மூழ்கிய நாட்டுப்படகு இஞ்சினைத் தூக்கி வந்தால், உடனே பிரிக்க ஆள் இல்லையென்றால் நல்ல தண்ணீர்த் தொட்டிக்குள்ளேயே போட்டு வைப்போம். பார்க்கிறவர்கள் எங்களைப் பைத்தியம் என்பார்கள். டிராக்டரைத் தொட்டியில் போட முடியாதே! அதனால் வெளியே இழுத்த அன்றே, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நாசில்களைக் கழற்றியாக வேண்டும் என்று உன் சித்தப்பாவை வலைக் கூடத்திலிருந்து கூட்டி வந்தேன்.

இழுப்பதற்கு முன் தண்ணீர்க் கோடு தெரியும்படி போட்டோ எடுத்துக் காப்பீட்டு ஏஜென்டுக்கு அனுப்பியாயிற்று. வெள்ளத்தில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து இஞ்சினைக் கெடுத்தால், அது வெள்ளச் சேதம் இல்லை, நீங்கள் செய்த சேதம் என்று இழப்பீட்டை மறுக்கிறவர்கள் உண்டு. பிறகு பேட்டரி வயரைக் கழற்றி, நியூட்ரலில் வைத்து இழுத்தோம். ஏர் கிளீனர் கிண்ணத்தில் அடியில் தண்ணீர், மேலே ஆயில் மிதந்தது. அதற்கு மேலே போகிற ஹோஸ் உள்ளே ஈரம். டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறி, மோர் போல வெளுத்திருந்தது. ஓரிரவு அசையாமல் விட்டு டிரெயின் பிளக்கை மெதுவாகத் தளர்த்தினால் கனமான தண்ணீர் முதலில் வரும், அப்படியே வந்தது.

நாசில்களைக் கழற்றியது இழுத்த அன்று மாலையே. கிராங்க் புல்லி நட்டில் ஸ்பானர் போட்டுக் கையால் மெள்ளச் சுற்றினோம். இரண்டு முழுச் சுற்று சுற்றினால்தான் மூன்று சிலிண்டரும் ஒருமுறை காற்றை அழுத்தும் வேலையை முடிக்கும். நடு சிலிண்டர் துளையிலிருந்து பீய்ச்சி அடித்த தண்ணீர் சித்தப்பா சட்டையில் பட்டது. குனிந்து பார்க்காதே என்று சொன்னேன், கேட்டால்தானே. பிறகு ஒவ்வொன்றிலும் கொஞ்சம் இஞ்சின் ஆயில் ஊற்றிச் சுற்றினோம். பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது துளை வழியாகக் கம்பியை விட்டு உயரம் அளந்தேன். ராடு வளைந்திருந்தால் அந்த பிஸ்டன் தாழ்ந்து நிற்கும். மூன்றும் ஒரே அளவு. அன்றிரவுதான் ஒழுங்காகத் தூங்கினேன்.

மற்றதெல்லாம் பொறுமை வேலை. டேங்க் டீசலை முழுக்க இறக்கி ஃபில்டர்களை மாற்றினோம். டீசல் பம்புக்கு டீசல்தான் மசகு, அதில் தண்ணீர் கலந்தால் பம்பு தேய்ந்துபோகும், அதன் விலையைக் கேட்டால் உனக்கே மயக்கம் வரும். ஸ்டார்ட்டரையும் ஆல்டர்னேட்டரையும் நல்ல தண்ணீரில் அலசி வெயிலில் வைத்தோம். கிளச் பிளேட் துருவேறி ஃபிளைவீலோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் பெடலை மிதித்த நிலையில் மரக்கட்டை கொடுத்து வைத்திருந்தேன்.

இன்று காலை இஞ்சின் பிடித்துக்கொண்டது. வெள்ளைப் புகை தள்ளி, பிறகு தெளிந்தது. கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டு, சூடு இருக்கும்போதே ஆயிலை இறக்கினேன். இன்னும் லேசாக வெளுப்பு இருக்கிறது. வெளுப்பு போகிறவரை ஆயிலும் ஃபில்டரும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அதற்குப் போய்க் கணக்குப் பார்க்காதே. கியர் பாக்ஸிலும் தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஹைட்ராலிக்குக்கும் அதே ஆயில்தான், அதனால் முப்பது லிட்டருக்கு மேல் பிடிக்கும். அதை மாற்றாமல் வண்டி வயலுக்குப் போகாது. டிரைவருக்கு இந்த மாதச் சம்பளத்தை நான் கொடுத்துவிடுகிறேன், நீ தவணையை மட்டும் பார்த்துக்கொள்.

ஷெட்டை இனி அந்தப் பள்ளத்தில் வைக்க மாட்டேன். மேட்டில் இருக்கிற இடம் மாட்டுக் கொட்டகை ஒன்றுதான். உன் அம்மா, மாட்டைப் பள்ளத்தில் கட்டிவிட்டு டிராக்டரை மேட்டில் ஏற்றுகிற வீடு எங்கேயாவது உண்டா என்று சண்டைக்கு வருகிறாள். நான் சொன்னால் எடுபடாது. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது நீயே அவளிடம் கேட்டுப் பார்.

அன்புடன்,
அப்பா