தமிழ்–கொரிய உறவு பற்றிப் பேசும் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். கி.பி. 48இல் கப்பலேறிச் சென்ற தமிழ் இளவரசி செம்பவளமே கொரியாவுக்குப் பௌத்தத்தைக் கொண்டு சேர்த்தவர் என்று மேடைகளிலும் காணொளிகளிலும் அடிக்கடி சொல்லப்படுகிறது. அந்த இளவரசியின் கதையைக் கைவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. கொரியப் பௌத்தத்தின் வரலாற்றை அதன் தலையில் ஏற்ற வேண்டாம் என்று மட்டுமே கேட்கிறேன்.

இக்கதைக்கு நாம் எல்லோரும் காட்டும் சான்று, 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இர்யோன் என்ற பௌத்தத் துறவி தொகுத்த ‘சம்குக் யூசா’ என்ற கொரியப் பழங்கதை நூல். நம் மேடைகள் செம்பவளம் என்று அழைக்கும் அயுத்த நாட்டு இளவரசி ஹோ ஹ்வாங் ஓக், கடலின் சீற்றத்தால் பாதி வழியில் திரும்பி, தந்தையின் சொற்படி ஒரு கற்கோபுரத்தைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு மீண்டும் புறப்பட்டு, கொரியாவின் தெற்குக் கரையில் இறங்கி அங்கிருந்த காயா அரசின் சூரோ மன்னரை மணந்தாள் என்கிறது அந்நூல். கோபுரம் நாற்பக்கமும் ஐந்தடுக்கும் கொண்டது, கல்லில் மெல்லிய செம்புள்ளிகள் உண்டு, அது இந்நாட்டுக் கல்லன்று என்று இர்யோன் நுணுக்கமாகவே எழுதுகிறார். ஆனால் அதே பகுதியில், அக்காலத்தில் கொரிய மண்ணில் கோயில் எழுப்பிப் பௌத்த அறத்தைப் போற்றும் வழக்கம் இருக்கவில்லை என்றும், 452இல், காயாவின் எட்டாம் மன்னரின் காலத்தில்தான் அவ்விடத்தில் கோயில் அமைந்தது என்றும் சொல்லிவிடுகிறார். தம் சமயத்துக்கு முந்நூறு ஆண்டுப் பழமையைக் கூட்டிக்கொள்ளும் வாய்ப்பு கையில் இருந்தும் அந்தத் துறவி அதைத் தொடவில்லை. செம்பவளம் என்ற பெயரோ, அவள் புறப்பட்ட இடமாக நாம் சொல்லும் கன்னியாகுமரியோ அந்நூலில் எங்கும் இல்லை.

கொரியப் பௌத்தத்துக்கு அரசுப் பதிவுகள் சொல்லும் தொடக்கம் வேறு. அன்று கொரியாவில் கோகுர்யோ, பெக்ஜே, சில்லா என மூன்று பெரிய அரசுகள் இருந்தன. 372இல், சீனத்தின் முற்கால சின் அரசர் ஃபூ ஜியன், சுந்தோ என்ற துறவியைப் புத்தர் உருவங்களோடும் சூத்திரங்களோடும் வடக்கே கோகுர்யோ மன்னர் சோசுரிமிடம் அனுப்பினார். 384இல் மரானந்தா என்ற அயல்நாட்டுத் துறவி சீனத்தின் கிழக்கு ஜின் நாட்டிலிருந்து பெக்ஜேவுக்கு வந்தார். மன்னர் அவரை அரண்மனைக்குள்ளேயே அழைத்து உபசரித்தார். மறு ஆண்டு ஹான்சானில் விகாரம் எழுந்து பத்துப் பேர் துறவு பூண்டார்கள்.

சில்லாவில் மட்டும் அது எளிதாக நடக்கவில்லை. அங்கே பெருங்குடியினர் தத்தம் குலவழிபாட்டை விட்டுக்கொடுக்க மறுத்தார்கள். மன்னரைச் சுற்றி வளரும் புதிய சமயம் தங்கள் செல்வாக்கைக் குறைக்கும் என்ற அச்சமும் அதில் கலந்திருந்தது. 527இல் பொப்ஹங் மன்னரின் இளம் அதிகாரி இச்சாதொன், பௌத்தம் ஏற்கப்படுவதற்காகத் தம் தலையையே கொடுக்க முன்வந்தார் என்பதும், வெட்டுண்ட கழுத்திலிருந்து பால்போன்ற வெண்குருதி பீறிட்டது என்பதும் மரபு. குருதி வெண்மையானதா என்பதை நம்பிக்கைக்கு விட்டுவிடலாம். எதிர்ப்பு இருந்தது என்பது உறுதி. கியோங்ஜு அருங்காட்சியகத்தில் உள்ள 9ஆம் நூற்றாண்டின் அறுபக்கக் கல்தூணில், தலை தரையில் கிடக்க, கழுத்திலிருந்து குருதி மேலெழ, வானிலிருந்து மலர்கள் உதிரும் அக்காட்சியை இன்றும் காணலாம்.

இந்தியத் தொடர்பைப் பேசித்தான் ஆக வேண்டுமென்றால், மரானந்தாவைப் பேசுங்கள். 1215இல் எழுதப்பட்ட கொரியத் துறவியர் வரலாறு, பழங்குறிப்பொன்றைச் சுட்டி, அவர் இந்தியாவிலிருந்து சீனம் வழியாக வந்தவர் என்கிறது. இந்தியாவில் எந்தப் பகுதி என்று அது சொல்லவில்லை. ஆகவே அவருக்கும் ஒரு தமிழ்ப் பெயர் சூட்டிவிடாதீர்கள். அடுத்த நிகழ்ச்சியின் அழைப்பிதழில் 48 என்ற ஆண்டு ஹோ ஹ்வாங் ஓக்கின் கதைக்கும், 372 என்ற ஆண்டு பௌத்தத்தின் வருகைக்கும் தனித்தனியே அச்சாக வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இப்படிக்கு,
கொரிய வரலாறு பயிலும் ஒரு தமிழ் வாசகர்