போல்ட்டை யார் கழற்றுவது? கையேட்டுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

பயனர் கையேடு எழுதுவோருக்கும், அச்சுக்குப் போகுமுன் அதில் கையெழுத்திடும் மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

முன்பக்கக் கதவுள்ள வாஷிங் மெஷினுக்கு நீங்கள் வெளியிட்டிருக்கும் திருத்திய கையேட்டைப் படித்தபின் இதை எழுதுகிறோம். பழைய பதிப்பைப் பற்றி வந்த புகார்கள் உங்களிடமே இருக்கின்றன, அவற்றைத் திரும்ப அடுக்கப் போவதில்லை. 27ஆம் பக்கத்திலுள்ள ஒரு வரியைப் பற்றித்தான் பேச வேண்டும்:

"முதல் இயக்கத்திற்கு முன்னர் போக்குவரத்து போல்ட்கள் அகற்றப்பட்டிருக்க வேண்டும்."

யாரால்? இந்த வரியை இரண்டு விதமாகப் படிக்கலாம். 'நீங்கள் கழற்றியிருக்க வேண்டும்' என்பது ஒன்று. 'யாரோ ஏற்கெனவே கழற்றியிருப்பார்கள்' என்பது இன்னொன்று. அட்டைப்பெட்டியை அப்போதுதான் பிரித்தவர், தொழிற்சாலையிலேயே கழற்றி அனுப்பிவிட்டார்கள் என்று நிம்மதியாக நினைத்துக்கொள்வார். அதுவும் 27ஆம் பக்கம் வரை வந்தால்தான். முதல் துவைப்புக்கான பொத்தானை 18ஆம் பக்கத்திலேயே அழுத்தச் சொல்லிவிட்டீர்களே!

அந்த போல்ட்கள் எதற்கு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டிரம் இருக்கும் தொட்டி ஸ்பிரிங்கில் தொங்குகிறது. லாரியில் வரும்போது அது ஆடி அடிபடாமல் பாடியோடு இறுக்கிப் பிடிப்பவை அவை. கழற்றாமல் நிமிடத்துக்கு 1200 சுற்றில் ஸ்பின் ஓடினால், ஆட்டத்தை ஸ்பிரிங்கால் வாங்க முடியாது. அத்தனையும் நேரே பாடிக்கு வரும். மெஷின் தடதடவென்று இடித்துக்கொண்டு சுவரைவிட்டு முன்னால் நடந்து வரும். பயந்துபோனவர் கையேட்டின் கடைசியிலுள்ள அட்டவணையைப் புரட்டுகிறார். 'அதிக அதிர்வு' என்பதற்கு எதிரே இருப்பது இது: 'சமதளத்தில் நிறுவப்பட்டுள்ளதா என உறுதிசெய்யவும். தொடர்ந்தால் சேவை மையத்தை அணுகவும்.' போல்ட் என்ற சொல்லே அங்கு இல்லை. அவர் காலடியில் அட்டை மடித்து வைக்கிறார், மறுபடி ஓட்டுகிறார். சேதம் அந்த இரண்டாவது ஓட்டத்தில்தான் கூடுகிறது.

இதை இப்படி எழுத எவ்வளவு இடம் பிடிக்கும்?

மெஷினை ஓட்டுமுன் பின்பக்க போல்ட்களைக் கழற்றுங்கள். கழற்றாமல் ஓட்டினால் மெஷின் பழுதாகும்.
1. நான்கு போல்ட்களையும் ஸ்பேனரால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்பித் தளர்த்துங்கள்.
2. ஒவ்வொன்றையும் அதன் பிளாஸ்டிக் குழாயோடு சேர்த்து வெளியே இழுங்கள்.
3. துளைகளை, பையிலுள்ள மூடிகளால் அடையுங்கள்.
4. போல்ட்களைப் பத்திரப்படுத்துங்கள். மெஷினை வேறு இடத்துக்குக் கொண்டுபோகுமுன் திரும்ப மாட்ட வேண்டும்.
ஸ்பின்னின்போது மெஷின் நகர்ந்தால் உடனே நிறுத்துங்கள். பின்னால் போல்ட் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கால் பக்கம்கூட வராது. நாங்கள் கேட்பது இவ்வளவுதான்: பயனர் செய்ய வேண்டியதை, அவர் செய்யும் வரிசையிலேயே எழுதுங்கள். எச்சரிக்கை, அது காக்க வேண்டிய செயலுக்கு முன்னால் நிற்கட்டும்.

வடிகட்டிப் பகுதியிலும் இதே கதை. 'மூடியைத் திறக்கவும், நீரை வெளியேற்றவும்' என்று முடித்துவிட்டு, அடுத்த பக்கத்தில் ஒரு கட்டத்துக்குள் 'நீர் சூடாக இருக்கலாம்' என்கிறீர்கள். 90 டிகிரியில் துவைத்து, பாதியில் நின்றுபோன மெஷின் அது. கட்டத்துக்கு வந்து சேருமுன் கை வெந்திருக்கும்.

இது ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1980களிலேயே ஐபிஎம் ஆய்வகத்தில் ஜான் கேரல் குழுவினர், கணினி பழக வந்தவர்கள் கையேட்டை ஒழுங்காகப் படிப்பதில்லை, நேரே வேலையில் இறங்கித் தடுமாறுகிறார்கள் என்று பார்த்தார்கள். முன்னுரையையும் விளக்கங்களையும் வெட்டி, வேலையையும் தவறினால் மீளும் வழியையும் முன்னால் வைத்தார்கள். மெலிந்த அந்தக் கையேட்டால் பழகியவர்கள் குறைந்த நேரத்தில் அதிகம் செய்தார்கள். கையேடுகளைத் தனித்தனித் தலைப்புகளாக எழுத 2005இல் தரமாக ஏற்கப்பட்ட டிட்டா (DITA) கட்டமைப்பிலும், முன்தேவைகளுக்கு இடம் படிகளுக்கு முன்னால்தான். உங்கள் துறையும் டிட்டாவில்தான் எழுதுகிறது என்று பெருமையாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம். மகிழ்ச்சி. ஆனால் 'முன்தேவை' என்ற பெட்டியைக் காலியாக விட்டால் எந்த மென்பொருளும் போல்ட்டைக் கொண்டுவந்து அதில் போடாது.

குறைத்து எழுதுங்கள் என்று கேட்டால் சிலர் சொல்லே இல்லாத படத்தாளை நீட்டுகிறார்கள். அம்புக்குறி மட்டும் இருக்கும்; கழற்றவா, இறுக்கவா என்று ஜோசியம்தான் பார்க்க வேண்டும். தேவையானதையும் வெட்டுவது சுருக்கம் ஆகாது. வெட்ட வேண்டியது எது என்று கேட்டால், முதல் பக்கத்து 'வாழ்த்துகள்!' இருக்கிறதே, அதிலிருந்து தொடங்கலாம். பிறகு சட்டத் துறை எழுதிக்கொடுத்த ஒன்பது பக்கங்கள். 'மெஷின் மேல் ஏறி நிற்காதீர்' என்பதும் போல்ட்டும் ஒரே அளவு எழுத்தில், ஒரே அளவு அச்சத்தோடு. எல்லாமே கத்தினால் எது காதில் விழும்? 'உங்கள் மாடலைப் பொறுத்து மாறலாம்' என்ற நட்சத்திரக் குறியைப் பற்றி இங்கே பேசவில்லை. அதற்குத் தனி மடல் வேண்டும்.

கோபம் சற்று மீறியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறோம். கோரிக்கை அதேதான். செய்ய வேண்டியதை, செய்யும் வரிசையில், 'கழற்றுங்கள்' என்று ஆளைப் பார்த்துச் சொல்லும் வினையோடு எழுதித் தாருங்கள். அடுத்த பதிப்பு அச்சுக்குப் போகுமுன், இந்த மெஷினையே பார்த்திராத ஒருவரிடம் வரைவையும் பிரிக்காத பெட்டியையும் கொடுங்கள். பக்கத்தில் நில்லுங்கள், உதவாதீர்கள். அவர் கை எந்த வரியில் நிற்கிறதோ அந்த வரியை அன்றே மாற்றுங்கள். அதுவரை விற்கும் மெஷின்களுக்கு, கதவின்மேல் ஒட்ட ஒரு சீட்டாவது அச்சடித்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கையேடு திருத்துவோரும் மெஷின் பழுதுபார்ப்போரும்